கருப்பனுக்குக் கொண்டுபோன பாட்டில்

1

பெரியப்பா போன் பண்ணும்போதெல்லாம் நான் பஸ்ஸில்தான் இருப்பேன். அவருக்கு அப்படி ஒரு ராசி. கிளாஸ்கோ மழையில் நனைந்த கோட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு "சொல்லுங்க பெரியப்பா" என்று நான் கத்த, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் போனில் மெதுவாகப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி வரைக்கும் கேட்க வேண்டுமே!

"ஏத்தா, மாசி சிவராத்திரிக்கு வந்துருவேல்ல? கருப்பனுக்குப் படையல் இருக்கு. போன வருசம் மாதிரி டீத்தண்ணியக் கொண்டாந்துறாத. இந்தத் தடவயாச்சும் மோந்து பாத்துக் கொண்டா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பக்கத்தில் யாரோ சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் என்று கேளுங்கள். இந்த ஊரில் விஸ்கியை மோந்து பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம். டீத்தண்ணிக்கும் விஸ்கிக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று ஒரு ஊரே என்னைப் பார்த்துச் சிரித்து இதோ ஒரு வருஷம் ஆகப்போகிறது. வாட்ஸப் குழுவில் யாராவது டீ கிளாஸ் படம் போட்டால் கீழே என் பேரைப் போடுகிறார்கள். அது எப்படி நடந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். எழுதச் சொன்னது யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

முதலில் வேலையைப் பற்றி. ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலை புரிவதே இல்லை. "அப்ப நாள் பூரா குடிப்பீகளா?" என்பார்கள். ஐயோ, குடிப்பதே இல்லை. மோப்பம்தான். வாயில் வைப்பதே எப்போதாவது. வைத்தாலும் துப்பிவிட வேண்டும். விழுங்கிக்கொண்டிருந்தால் மதியத்துக்கு மேல் நான் எதைக் கண்டுபிடிக்க?

காலையில்தான் மூக்கு சுத்தமாக இருக்கும். அதனால் வேலை நாளில் எங்கள் வீட்டில் காலையில் தாளிப்பதில்லை. கடுகு வெடித்தால் கோட்டில் ஏறிவிடும். பேனல் என்கிற எங்கள் மோப்பக் குழுவின் தலைவி ஃபியோனா வாசலிலேயே கண்டுபிடித்து, "ஜெயா, உன் கோட்டை வெளியே மாட்டு" என்பாள். மல்லிகைப்பூ கிடையாது, பவுடர் கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் நான் திரும்பவும் தமிழ்ப் பொம்பளை.

மேசையில் வரிசையாக அடிபெருத்து வாய்குறுகிய கிளாஸ்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கண்ணாடி மூடி. கிளாஸே நீலக் கண்ணாடி, உள்ளே இருப்பதன் நிறம் தெரியக்கூடாது என்று. நிறத்தைப் போல ஏமாற்றுவது வேறில்லை. கருத்திருந்தால் பழசு, ஒசந்தது என்று நம்மூரில் நினைக்கிறார்கள். சர்க்கரையைக் கருக்கி நிறம் கொடுக்க இங்கே சட்டமே அனுமதிக்கிறது. பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுத்தான் மோந்து பார்ப்போம். தண்ணீர் விட்டால் சரக்கு செத்துப்போகும் என்று சொல்பவரை என்னிடம் அனுப்புங்கள். தண்ணீர் பட்டால்தான் அது வாயைத் திறந்து பேசும். மூக்கைக் கிளாஸுக்குள் முக்கக்கூடாது. கொஞ்சம் தள்ளி வைத்து, உதட்டை லேசாகத் திறந்துகொண்டு, அவசரப்படாமல். முதல் மோப்பத்தில் சாராயம் மூக்கில் அறையும். விட்டுவிட்டு அடுத்தது. அப்போதுதான் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள்: தேங்காய், காய்ந்த திராட்சை, அடுப்புப் புகை, ஈரக் கோணிச்சாக்கு.

எங்கள் கம்பெனி செய்வது பிளெண்டட் விஸ்கி, பலதைக் கலந்து சேர்ப்பது. சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்டவுடன் முகத்தைச் சுளிப்பார்கள். "சிங்கிள் மால்ட் இல்லையா? இது கலப்படமா?" என் ரத்தம் கொதிக்கும். அட, குழம்பை மட்டும் யாராவது கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பீர்களா? பார்லியில் செய்த மால்ட் குழம்பு என்றால், கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் செய்கிற கிரெயின் விஸ்கி சோறு. அது இலேசாக, சத்தம் போடாமல் இருந்து, மற்ற எல்லோரையும் பேசவிடும். பல ஊர் மால்ட்டுகளை அதோடு சேர்த்து, ஒருவரும் எழுந்து கத்தாமல், ஒருவரும் காணாமல் போகாமல் உட்காரவைப்பதுதான் வித்தை. போன வருஷம் வாங்கிய பாட்டிலும் இந்த வருஷம் வாங்கியதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பீப்பாய் மாறும், பருவம் மாறும், ருசி மட்டும் மாறக்கூடாது. மாறாத மாதிரி காட்டுவதற்குத்தான் தினமும் இத்தனை மாற்றம் செய்கிறோம். இங்கே வந்த நாளிலிருந்து நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று சில நாள் தோன்றும். பிறகு பஸ் வந்துவிடும்.

வந்த புதிதில் எல்லோரும் கிறிஸ்மஸ் கேக், மார்சிபான் என்கிற பாதாம் மிட்டாய் என்று எழுதுவார்கள். நான் அதையெல்லாம் எங்கே கண்டேன்? ஒரு நாள் பொறுக்க முடியாமல், "மழையில் எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப்" என்று எழுதிவிட்டேன். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஃபியோனா மட்டும் திரும்ப மோந்து பார்த்து, "ஈரத் தார்ப்பாய், பெட்ரோல், ஏதோ ஒரு மசாலா. சரிதான்" என்றாள். இன்றைக்கும் அந்த ஜாதிப் பீப்பாய் வந்தால் "ஜெயாவின் ஜீப்" என்றுதான் எங்கள் அறையில் பேர்.

ஊரில் இதைச் சொல்ல முடியுமா? பாஸ்போர்ட் புதுப்பித்தபோது வீட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் "மக என்ன வேலை?" என்று கேட்க, அம்மா யோசிக்காமல் "செண்டு கம்பெனி" என்றிருக்கிறாள். நான் விண்ணப்பத்தில் எழுதியது வேறு. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளக்கி, அலைந்து, அதற்குள் என் லீவே முடிந்தது.

3

அந்த ஜீப்பில் இருந்த மசாலா ஏலக்காய். எனக்கு ஏலக்காய் ஆகாது. பாயசத்தில் போடமாட்டேன், டீயில் போடமாட்டேன். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கடைப்பு. மீன் கெட்டதா என்று பார்க்கவே பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவாள். அப்பா திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது என்னைத்தான் அனுப்புவாள். "போயி அப்பா வாய மோந்து பாரு." நான் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வேன். அப்பா "ஊதுறேன், பாத்துக்க" என்று சிரித்தபடி என் முகத்தில் ஊதுவார். ஏலக்காய் வாசம் அடிக்கும். வாய் நிறைய ஏலக்காயை மென்று வந்திருப்பார். எங்கள் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? ஏலக்காய்க்கு அடியில் இருப்பது பிராந்தியா, வெறும் வெற்றிலையா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நான் சொல்வதை வைத்துத்தான் அன்றைக்கு வீட்டில் சண்டையா சோறா என்று தீர்மானமாகும்.

என் படிப்பைவிட இந்தப் பாடம்தான் எனக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தது. பெருமையாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஈரல் போய், ஆளும் போய்ச் சேர்ந்தார். பிறகு தம்பி பாண்டி ஆரம்பித்தான். அவன் பொண்டாட்டி செல்வி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடமலைக்குண்டில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். "கருப்பன்கிட்ட கயிறு கட்டுங்க. கட்டுனா வாரேன். அவுத்தா, அன்னைக்கே போயிருவேன், திரும்ப வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் கருப்பசாமிக்கு மலையடிவாரத்தில் திராட்சைக் கொடிகளுக்கு அந்தப் பக்கம் கோயில். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணி அவர் முன்னால் கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வது வழக்கம். வேடிக்கை என்னவென்றால், சாராயமும் சுருட்டும் படையலாக வாங்குகிறவரும் அவர்தான், குடியை விட்டதாகச் சத்தியம் வாங்குகிறவரும் அவர்தான். பாண்டி கட்டினான். செல்வி வந்தாள். பாண்டி மலைக்கு மேலே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலைக்குச் சேர்ந்தான்.

4

படையல் முறை ஒரு வீட்டுக்கு இரண்டு வருஷம். போன வருஷம் எங்கள் வீட்டு முறை தொடங்கியது. பெரியப்பாதான் பூசாரி. "வருசா வருசம் கருப்பன் நம்மூரு சரக்கையே குடிக்காக. நீ அங்கனயே இருக்க. ஒசந்ததா ஒண்ணு கொண்டா" என்றார். நான் எங்கள் கம்பெனியின் நல்ல பிளெண்ட் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். சாமிக்கு நேர்ந்தது முறைக்கார வீட்டில்தான் இருக்க வேண்டும். அதனால் சாமி அலமாரியில் வைத்தோம். குடியை விட்ட ஒருவனுடைய வீட்டில் முழுப் பாட்டிலை வைக்கிறோமே என்று எனக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. சாமிக்குள்ளதை யார் தொடப்போகிறார்கள்? எங்கள் ஜனங்களுக்கு மட்டுமே வரக்கூடிய துணிச்சல் அது.

சிவராத்திரியன்று சாயங்காலம். கருப்பனுக்குப் படைக்கும்போது பெண்கள் முள்வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். நானும் அம்மாவும் செல்வியும் நின்றோம். என் மகள் நிலா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கிளாஸ்கோவில் பிறந்தவள். சாமி குடிப்பார் என்றதும் அவளுக்கு எங்கள் மதத்தின் மேலேயே ஒரு மரியாதை வந்திருந்தது.

பெரியப்பா மூடியைத் திருகி, செம்பில் ஊற்றி, சாமி காலடியில் வைத்தார். முதல் வாய் பூசாரிக்கு. வாயில் வைத்தார். உடனே துப்பினார்.

"என்னலே இது? டீத்தண்ணி!"

கூட்டம் மொத்தமும் பாண்டியைத்தான் பார்த்தது. பெரியப்பா சொன்னார்: "ஏலே பாண்டி. கயித்தக் கட்டிக்கிட்டு சாமிக்குள்ளதயே குடிச்சிருக்கியாலே?"

"இல்ல பெரியப்பா. சத்தியமா இல்ல."

"யாரு மேலலே சத்தியம் பண்ற? அவரு மேலயா?"

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அத்தனை வருஷம் கழித்து, அதே குரல். "போயி அவன் வாய மோந்து பாரு."

பெரியப்பாவும் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "வாத்தா. வேலி தாண்டி வா, குத்தமில்ல. இதுதான ஒன் வேலை? ஊரு முன்னால மோந்து பாத்துச் சொல்லு."

போனேன். பாண்டி வாயைத் திறந்துகொண்டு நின்றான். குழந்தை மாதிரி. கண்ணில் தண்ணீர். எட்டி நிற்கும்போதே வந்தது ஏலக்காய் வாசம். ஸ்டோரிலிருந்து நேராக வந்திருக்கிறான், சட்டையெல்லாம் ஏலக்காய்தான் என்று புத்தி சொல்கிறது. மூக்கு கேட்கவில்லை. பக்கத்தில் போய், ஊது என்று சொல்லி, அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து, பிறகு அதைச் சொல்ல வேண்டும். நான் சொல்வதை வைத்துச் செல்வி இருப்பாள், இல்லை போவாள். முடியாது. இதைச் செய்து செய்து நான் வளர்ந்தது போதும்.

"வாய மூடுறா" என்றேன். "பெரியப்பா, பாட்டிலைக் குடுங்க."

மூக்கடியில் வைத்தேன். அவசரப்படாமல். டீத்தூள். கொஞ்சம் புளி. பாத்திரம் விளக்குகிற பவுடர். அவ்வளவுதான். விஸ்கி ஒரு துளிகூட இல்லை. நான் அதிர்ந்தது அங்கேதான். குடித்துத் தீர்த்த கிளாஸை மறுநாள் மோந்து பார்த்தால்கூட விஸ்கி இருக்கும். எங்கள் அறையில் காலிக் கிளாஸை வைத்தே சோதனை நடத்துவோம். திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு டீயை ஊற்றுகிறவன், பாட்டிலைப் புளி போட்டு, பவுடர் போட்டு, வெந்நீரில் அலசிக்கொண்டா இருப்பான்? குடிக்கிறவன் பாட்டிலைக் கழுவ மாட்டான். அந்த வாசத்தையே ஒழித்துக்கட்ட நினைத்தவள்தான் கழுவுவாள்.

வேலிப் பக்கம் திரும்பினேன். செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். நெற்றி வேர்த்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறு சாட்சி வேண்டாம்.

5

உண்மையைச் சொன்னால் பாண்டி தப்பிப்பான், செல்வி மாட்டுவாள். கருப்பனுக்கு நேர்ந்ததைச் சாக்கடையில் கொட்டியவள் என்று ஆகும். புருஷனை நம்பாதவள் என்றும் ஆகும். சொல்லாவிட்டால் பாண்டியின் கயிறு போச்சு. எனக்கு யோசிக்க நேரமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பெரியப்பா, தப்பு என் மேலதான். எங்க ஆபீஸ்ல ஷோகேஸ்ல வைக்கிறதுக்கு டீத்தண்ணி ஊத்தின பாட்டில் இருக்கும். பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். அவசரத்துல அதை எடுத்துட்டு வந்துட்டேன்."

யாரோ ஒருவன் சிரித்தான். அப்புறம் மொத்தக் கோயிலும்.

"அடி கூறுகெட்டவளே!" என்றார் பெரியப்பா. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நீ மோந்து பாத்துத்தான் வெள்ளைக்காரன் குடிக்கானா? வெளங்கும்!"

சாமி குத்தத்துக்கு ஒரு சேவல் அபராதம் போட்டார்கள். ஒருவன் பைக்கில் கம்பம் வரை போய் வழக்கமான சரக்கை வாங்கிவந்தான். கருப்பன் அதைக் குடித்தார். அதற்குள் என் பேர் காமயகவுண்டன்பட்டியைத் தாண்டிவிட்டது.

வலித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்கென்று இந்த உலகத்தில் இருப்பது இந்த ஒரு மூக்குதான்.

திரும்பி நடக்கும்போது நிலா என்னை முறைத்துக்கொண்டே வந்தாள். அவள் தமிழ் அரைத் தமிழ். கோபம் வந்தால் மட்டும் முழுசாக வரும். "அம்மா, உங்க ஆபீஸ்ல அப்படி ஷோ பாட்டில் இல்ல. நான் பாத்திருக்கேன். சாமி முன்னாடி ஏன் பொய் சொன்ன?" காரணத்தைச் சொல்ல எனக்கு வழியில்லை. அந்தப் பயணம் முடியும்வரை அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. செல்வியும் பேசவில்லை. நான் தட்டை நீட்டினால் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைப்பாள், அவ்வளவுதான்.

6

கிளாஸ்கோவுக்குக் கிளம்பிய அன்று பாண்டிதான் மதுரைக்குக் காரில் கூட்டிவந்தான். நிலா பின்சீட்டில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். தேனி தாண்டி, வைகை அணைக்குப் பிரிகிற ரோடும் தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது அவனாகவே பேசினான்.

"யக்கா, ஷோகேஸ் பாட்டில்னு சொன்னியே, பொய்தான?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"நீ வந்த மறுநாளு, நீங்க எல்லாம் சந்தைக்குப் போயிருந்தீக. நான் அலமாரியத் தொறந்தேங்கா. மூடியத் தொறந்து வாய்கிட்டயே கொண்டு போயிட்டேன்." கியரை மாற்றினான். "டீத்தண்ணி. எனக்கு முன்னாலயே அவ கொட்டிட்டா. இல்லாட்டி அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

கோயிலில் ஊர் முன்னால் அவன் பண்ணிய சத்தியம் உண்மை. ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. செல்வி பயந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்து எப்படி மோந்து பார்ப்பது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அவகிட்டச் சொன்னியா?"

"எப்பிடிக்கா சொல்ல? அவ கொட்டுனது எனக்குத் தெரியும்னா, நான் தொறந்ததும் தெரிஞ்சுரும்ல?"

விமானத்தில் உட்கார்ந்தும் அது என்னை விடவில்லை. இங்கே வந்தும் விடவில்லை. வேலை மேசையில் கிளாஸைத் திறக்கும்போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கும். அவன் அங்கே எதைத் திறந்துகொண்டிருக்கிறானோ! ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டால் அவன் முகத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பேன். கண் சிவந்திருக்கிறதா, நாக்கு குழறுகிறதா என்று. மூக்குக்கு எட்டாத தூரத்தில் இருப்பவளுக்கு வேறு என்ன வழி?

7

பெரியப்பா போன் பண்ணிய அன்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாண்டி வீட்டுக்குக் கூப்பிட்டேன். செல்விதான் எடுத்தாள். பெரியப்பா சொன்னதைச் சொல்லி, "இந்தத் தடவ பாட்டிலை, முறை இல்லாட்டியும், பெரியப்பா வீட்டுலயே வச்சுருவோம்" என்றேன்.

"வேண்டாம் மதினி" என்றாள். "இங்கனதான் இருக்கணும். அவுகளே சொல்லிட்டாக."

"என்ன சொன்னான்?"

"எல்லாத்தயும். தொறந்தது, வாய்கிட்டக் கொண்டு போனது, எல்லாம். போன வாரம் சின்னவனுக்குக் காய்ச்சல், ஆசுபத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தோம், அப்பச் சொன்னாக. நானும் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் அழுதுட்டோம் மதினி. இவ்வளவு நாளும் ஒருத்தருக்கொருத்தர் ஒளிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கோம்." மூக்கைச் சிந்தினாள். "நீங்க இதைப் பத்திரிகையில எழுதிருங்க. பெரியப்பாகிட்டயும் நாங்களே போயி சொல்லப்போறோம். சேவல் நான் குடுக்கேன். எத்தன நாளைக்கு நீங்க கிறுக்குப் பட்டத்தோட திரிவீக?"

பாண்டி போனை வாங்கினான். "யக்கா, நெசமான சரக்காவே கொண்டா. அலமாரியில நானே வைக்கேன். இவ தொடமாட்டா. நானும் தொடமாட்டேன்."

"முடியுமாடா?"

"தெரியலக்கா" என்றான். "இருந்து பாக்கணும்ல?"

இன்றைக்குப் பெட்டி கட்டுகிறேன். பாட்டில் சமையல் மேடையில் நிற்கிறது. நான் மோந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிளெண்ட். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கெட்டிலில் தண்ணீர் வைத்தேன், டீத்தூளை எடுத்தேன், மூடியின் மேல் கையும் வைத்துவிட்டேன். நான்கு தேசத்துப் பீப்பாய்களைப் பிரித்துச் சொல்கிற எனக்கு, ஒரே வயிற்றில் பிறந்தவனை நம்பத் தைரியம் வரவில்லை. பாண்டி சொன்னதைவிட செல்வி செய்ததுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது.

நிலா உள்ளே வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள், டீத்தூளைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். இப்போது அவளுக்கும் எல்லாம் தெரியும்.

"டீ யாருக்கும்மா?" என்றாள்.

கையை எடுத்தேன். "நமக்குத்தான்" என்றேன்.

பாண்டி போன வருஷம் கட்டிக் கொடுத்த ஏலக்காய்ப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. பிரித்தேன். இரண்டு காயைத் தட்டி டீயில் போட்டேன். நாளைக்கு வேலை இருக்கிறது, வாசம் கோட்டில் ஏறும், ஃபியோனா திட்டுவாள். திட்டட்டும். இருவரும் நின்றபடியே குடித்தோம். பிறகு பாட்டிலை ஒரு பழைய சேலையில் சுற்றி, சீல் உடைக்காமல், பெட்டிக்குள் வைத்தேன்.